ஷஃபியுல்லா தொட்டில் கொண்ட படலம்

பலகையைப் பலகையோடு பிணைத்து, உடலை உள்ளே மறைத்து, தலையை மட்டும் வெளியே காட்டி நிற்கும் திருகாணியே, இக்கதை நடுவழியில் கழன்றுவிடாமல் நீயே காப்பாயாக. நாம் பாடப் புகுவது எளியவர் ஒருவரை அல்ல. மெட்ரோத் தூண்கள் வானத்தைத் தோளில் ஏந்தி நிற்கும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலே, தண்ணீர் லாரிகள் முரசென முழங்க, ஷேர் ஆட்டோக்கள் அம்பெனச் சீற, புழுதியே வெண்கொற்றக் குடையாய்க் கவிய, பிளாஸ்டிக் ஸ்டூலைச் சிங்காதனமாகவும் மேசை விசிறியைச் சாமரமாகவும் கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் மரச்சாமான் கடை நடத்திய மாவீரரை, கட்டில்களின் காவலரை, மைக்கா ஒட்டிய பலகையையும் தேக்கென்று நம்பவைக்கும் தேன்மொழியாரை, ஷஃபியுல்லா பாயைப் பாடுகிறோம். வாழ்க அவர் வெண்தாடி. வாழ்க அவர் சட்டைப்பையில் எந்நாளும் செருகியிருக்கும் பச்சை, சிவப்பு என்னும் இரட்டைப் பேனாக்கள்.

அவர் கையில் வாளில்லை, வேலில்லை. வாயில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. வாங்க வந்தவர் கட்டிலின் காலைத் தட்டிப் பார்த்து, அலமாரிக் கதவை ஆட்டிப் பார்த்து, ஐயத்தால் முகம் சுளிக்கும் அந்தக் கணத்தில் பாய் ஸ்டூலைவிட்டு எழுவார். வலக்கையை நெஞ்சில் வைப்பார். "கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போங்க. நான் கீறேன்" என்பார். அவ்வளவுதான். ஐயம் புறமுதுகிட்டு ஓடும், கட்டில் வண்டியேறும். இந்த வாக்கியத்தை எதிர்த்து நின்ற வாடிக்கையாளர் அந்தச் சாலையில் அதுவரை தோன்றியதில்லை.

பகைவர் ஒருவர் உண்டு. சாலையின் மறுகரையில், நேர் எதிரே, அதே மரச்சாமான்களை அதே விலைக்கு விற்ற சிவராமன் அவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் பாயின் தள்ளுபடி பேனர் காற்றில் அறுந்து பறந்துபோய் சிவராமனின் பெயர்ப்பலகையை மூன்று நாள் மூடிக்கிடந்தது. அன்று தொட்டு இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளும் ஒருவர் கடையை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிவராமன் கடையில் எந்த மூலையில் எந்த நாற்காலி கிடக்கிறது என்பது சிவராமனைவிடப் பாய்க்கு நன்றாகத் தெரியும்.

அத்தகைய வீரருக்கும் ஒரு சோதனை வந்தது. அது இரண்டே முக்கால் கிலோ எடையில் வந்தது. அவருடைய மூத்த மகள் அலீனாவுக்கு, அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் செய்து பெண்குழந்தை பிறந்தது. புதன்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மகளிடமிருந்து பாயின் போனுக்குக் குரல்செய்தி ஒன்று வந்தது.

"அத்தா, கட்டிலோட ஒட்டி நிக்கிற மாதிரி ஒரு தொட்டில் வேணும். தையல் போட்டிருக்கு, என்னால எழுந்து குனிய முடியாது. பாப்பா கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். பாத்து எடுங்க."

ஒரே கட்டிலில் படுக்கவைக்கலாமே என்றால், அங்கே மருமகன் சமீர் இருந்தான். விழித்திருக்கும்போது எறும்புக்கும் வழிவிடும் சாது. தூங்கிவிட்டாலோ கைகால்களைக் கதாயுதமாய்ச் சுழற்றி, தலையணைகளைச் சிதறடித்து, போர்வையைத் திக்கெட்டும் எறியும் பெருவீரன். ஆகவே தொட்டில் வேண்டியிருந்தது. மகள் சொன்ன செய்தியில் பாயின் காதில் விழுந்தது 'தொட்டில்' என்ற சொல் ஒன்றுதான். 'பாத்து எடுங்க' என்பது விசிறிக் காற்றில் போய்விட்டது. பன்னிரண்டு தொட்டில்கள் நிற்கும் கடையின் உரிமையாளரிடம் தொட்டிலைப் பார்த்து எடுக்கச் சொல்வதா என்று அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்பன்னிரண்டில் அரசனாய் நின்றது மயில் தொட்டில். தலைமாட்டில் தோகை விரித்த மயில், அதன் மூக்கிலே பொன்வண்ணம், கண்ணிலே கண்ணாடிக் கல், நாற்புறமும் கடைந்தெடுத்த கம்பிகள், கம்பிகளின் உட்புறம் பஞ்சடைத்த பட்டுக் குஷன்கள், குஷன்களின் விளிம்பில் சரிகைக் குஞ்சங்கள், மேலே முத்துமாலை தொங்கும் கொசுவலை, உள்ளே யானைக்கன்று படுத்தாலும் அமிழ்ந்துபோகும் மெத்துமெத்தென்ற மெத்தை, பக்கவாட்டில் ஒரு கொக்கியைத் தட்டினால் சரசரவென்று கீழிறங்கும் கதவு. திருமணப் பரிசாகக் கூட அதைக் கேட்டார்கள். பாய் கொடுக்கவில்லை. இத்தனை நாள் அது யாருக்காகக் காத்திருந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டதாக அவர் ஊருக்கெல்லாம் சொன்னார்.

புறப்பட்டது படை. யானைப்படை என்றே சொல்லலாம், ஏனென்றால் சென்னை மாநகரம் குட்டி யானை என்று பெயரிட்டு அழைக்கும் அந்தச் சிறு சரக்கு வண்டிதான் மயிலைச் சுமந்தது. பாகன் தங்கவேல். பக்கத்தில் பாய். டிரங்க் ரோட்டைக் கிழித்து, வேலப்பன்சாவடித் திருப்பத்தில் இருபது நிமிடம் முற்றுகையில் சிக்கி, திருவேற்காட்டைக் கடந்து, ஏரிக்காற்று முகத்தில் அடிக்க அயனம்பாக்கத்தில் பாயின் வீட்டுக்கு முன்னால் போய் நின்றது யானை. மயில் மாடியேறியது. பெரிய கட்டிலுக்குப் பக்கத்தில் அரியணை ஏறியது. பாயின் மனைவி ஜஹானாரா திருஷ்டி படுமே என்று கொசுவலையை இறக்கிவிட்டார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அலீனா குழந்தையோடு வந்தாள். அவளையும் ஒரு சொல் பாடாமல் மேலே போவது முறையல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றின் தரச்சோதனைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக அவள் வேலை செய்தாள். ஒரு மயிரிழை அளவு மிகுந்தாலும் குறைந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடும் அளவுகோல் ஏந்திய அணங்கு அவள். அவள் மேசையைக் கடக்காமல் ஒரு வளையமும் வண்டியேறியதில்லை.

அவள் கட்டிலில் மெல்லச் சாய்ந்தாள். மயிலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து மஞ்சள் இஞ்ச் டேப்பை எடுத்துத் தரச்சொன்னாள்.

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே டேப்பை வைத்தாள். ஒன்பது சென்டிமீட்டர் இருந்தது. ஆறுக்கு மேல் இருக்கக்கூடாது, குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கஸ்தூரி படம் போட்டுக் காட்டிச் சொன்னதாகச் சொன்னாள். மெத்தையில் உள்ளங்கையை அழுத்தினாள். கை மணிக்கட்டுவரை மூழ்கியது. குஷன்களை விரலால் தட்டினாள்.

"இது எதுக்கு அத்தா?"

"அழகுக்கும்மா."

"மூஞ்சி மேல சாஞ்சா மூச்சு முட்டுமே."

பாய் எழுந்தார். வலக்கை நெஞ்சுக்குப் போனது. நெஞ்சுக்குப் போன கை அங்கேயே நின்றது. ஏனென்றால் அதற்குள் அலீனா ஒரே விரலால் பக்கக் கதவின் கொக்கியைத் தொட்டிருந்தாள். இடி விழுந்தாற்போல் கதவு கீழே இறங்கியது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இரு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டு வீறிட்டது. சமீர் அதை அள்ளிக்கொண்டான். அந்தக் கதவின் கீழ் அந்தக் கை இருந்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே பாயின் நெஞ்சில் வேலாய்த் தைத்தது.

"இது வேணாம் அத்தா" என்றாள் அலீனா.

முதற்போர் முடிந்தது. மயில் மாடியிறங்கியது.

தோற்றவர் துவண்டாரோ என்றால் இல்லை. அன்று பிற்பகலே யானை இரண்டாம் தொட்டிலோடு வந்தது. இதற்குக் கதவில்லை, குஷனில்லை, கம்பிகளுக்குப் பதில் முழுப்பலகை. காலில் மட்டும் நான்கு சக்கரங்கள். ஆனால் சக்கரங்களை நிறுத்தும் பூட்டு எதுவும் அதில் இல்லை. அயனம்பாக்கத்து வீட்டைக் கட்டிய கொத்தனாரோ, கழுவிவிட்ட தண்ணீர் தானாக வழிந்தோட வேண்டும் என்று தரையைக் குளியலறை நோக்கி ஒரு நூல் சரித்துவைத்திருந்தார். தொட்டிலைக் கட்டிலோரம் நிறுத்திவிட்டுப் பாய் கையைத் தட்டித் தூசியை உதறினார். உதறி முடிப்பதற்குள் தொட்டில், தேரோடும் திருவீதியில் தேரசைவதுபோல் மெல்ல அசைந்து, அறையைக் கடந்து, குளியலறைக் கதவை முட்டி நின்றது. அலீனா டேப்பைக்கூட எடுக்கவில்லை.

மூன்றாவது, ஊஞ்சல்போல் ஆடும் இரும்புத் தொட்டில். அன்று காலைதான் அதற்குப் பாய் தன் கையால் பொன்வண்ணம் பூசியிருந்தார். மாடியேறுவதற்கு முன்னமே அதன் வாடை மாடியேறிவிட்டது. ஜஹானாரா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வாசலிலேயே அதை மறித்தார்.

திரும்பும் வழியில் வேலப்பன்சாவடியில் வண்டி நின்றபோது, தங்கவேல் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இன்னா பாய், இதுவும் ரிட்டனா?"

இருபத்தாறு ஆண்டுகளில் அவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. பாய் சிக்னலைப் பார்த்தார். அது சிவப்பாகவே இருந்தது.

வியாழக்கிழமை காலை கடைக்குக் கிளம்பும் முன் அவர் மகளின் அறையை எட்டிப்பார்த்தார். பெரிய கட்டிலில் குழந்தை தூங்கியது. அலீனா பக்கத்தில் உட்கார்ந்தபடி, ஒரு கையைக் குழந்தைமேல் அணையாக வைத்துக்கொண்டு, கண்கள் சிவந்து வீங்கி, விழித்திருந்தாள். விடிய விடிய அப்படியே இருந்ததாக ஜஹானாரா சொன்னார். சமீர் தரையில் கோரைப்பாயை விரித்துப் படுத்திருந்தானாம், அப்போதும் அலீனாவுக்கு நம்பிக்கையில்லையாம். பாய் அந்த மஞ்சள் டேப்பை எடுத்துத் தன் சட்டைப்பையில் பேனாக்களுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

கடைதிறந்து, ஸ்டூலில் அமராமல், முதல் தொட்டிலிலிருந்து பன்னிரண்டாவதுவரை ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்பது. எட்டரை. பத்து. தன் படையை எண்ணிப்பார்த்த மன்னன், ஒருவன் இடுப்பிலும் வாளில்லை என்று கண்டாற்போல் நடுக்கடையில் நின்றார். இதே கம்பிகளை எத்தனை வீடுகளுக்கு அனுப்பியிருப்போம் என்று நினைத்தார். எண்ண முடியவில்லை. மொத்தமாய்ச் சரக்கு அனுப்புபவருக்குப் போன் போட்டார். அவரோ, இருபது வருஷமாக இதே அளவில்தான் வருகிறது, யாரும் கேட்டதில்லை, கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம் என்று அபயமளித்தார். பாய் போனை வைத்துவிட்டார். தன் வாக்கியத்தை அடுத்தவர் வாயில் கேட்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

அந்நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார்கள் இருவர். ஆவடிக் குவாட்டர்ஸிலிருந்து வந்த இளந்தம்பதியர், வினோத்தும் வித்யாவும். வித்யாவுக்கு எட்டு மாதம். அவள் கண் நேராக மயிலின்மேல் போய் விழுந்தது. அங்கேயே ஒட்டிக்கொண்டது. வினோத் பர்ஸைத் தொட்டபடியே, நன்றாக உழைக்குமா, குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

ஓ வாக்கியமே, எத்தனை போர்களில் வென்ற வாக்கியமே, அந்தக் கணத்தில் நீ எங்கே போனாய்? பாய் எழுந்தார். வலக்கை நெஞ்சுக்கு ஏறியது. உதடுகள் பிரிந்தன. விழுந்த கதவும், விரிந்த இரு சின்னக் கைகளும், வீறிட்ட குரலும் அவர் முன் வந்து நின்றன.

"வேணாம்மா" என்றார் பாய். "இது பாக்கத்தான் நல்லாக்கீது."

வித்யா புரியாமல் பார்த்தாள். அவர் கையை நீட்டிச் சாலைக்கு அப்பால் காட்டினார். பதினோரு ஆண்டுகள் வேவு பார்த்த கண்கள். மூன்று தோல்விகளால் திறந்த கண்கள். "எதிர்க்கடைக்குப் போங்க. கடைசி மூலைல தலகாணி அடுக்கி வெச்சிருக்கான் பாருங்க, அதுக்குக் கீழ ஒரு சாம்பல் கலர் தொட்டில் கீது. சுத்தி வலைத்துணி, கம்பியே கெடையாது. கட்டிலோட சேத்துக் கட்டுற பெல்ட்டும் கீது. அத்த எடுங்க."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார்கள். ஒரு வாடிக்கையாளரைத் தன் வாயாலேயே பகைவனிடம் அனுப்பிய பெருந்தன்மையில் பாயின் உள்ளம் ஒரு நிமிடம் ஏரிபோல் விரிந்து கிடந்தது. இரண்டாம் நிமிடம்தான் உறைத்தது. சிவராமன் கடையில் அந்தத் தொட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பகைவன் கோட்டைக்குள் எப்படி நுழைவது? மாறுவேடம் வேண்டும். ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. கண்ணாடியை இறக்கிவிட்ட ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, வண்டியில்லாமல், கால்நடையாய், தண்ணீர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து, தடுப்புச்சுவரைத் தாண்டி, பதினோரு ஆண்டுகள் மிதியாத மண்ணை மிதித்தார் ஷஃபியுல்லா. அவர் போய்ச் சேர்ந்தபோது தலையணைகள் தரையில் கிடந்தன. தூசி தட்டப்பட்ட தொட்டில் நடுக்கடையில் நின்றது. வினோத் பில் போடச்சொல்லிக்கொண்டிருந்தான்.

அது அழகில்லாத தொட்டில். ஆபீஸ் நாற்காலிகளோடு தவறிவந்த சரக்கு. விற்காது என்று சிவராமனே மறந்துவிட்டது. மூன்று பக்கம் வலைத்துணி, கட்டிலைப் பார்க்கும் பக்கம் மட்டும் தாழ்வாக, உயரத்தை ஏற்றி இறக்கும் கால்கள், பலகைபோல் கெட்டியான தட்டை மெத்தை. மயிலில்லை. குஞ்சமில்லை. பாய்க்கோ அது வானுலகத்திலிருந்து இறங்கிய விமானமாய்த் தெரிந்தது. தன்னை மறந்து, ஹெல்மெட்டோடு மண்டியிட்டு, மஞ்சள் டேப்பை உருவி, மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவே இடைவெளியை அளந்தார். விரல் நுழையவில்லை.

சிவராமன் மேலிருந்து கீழ்வரை அந்த உருவத்தைப் பார்த்தார்.

"பாய்" என்றார் நிதானமாக, "பேனாவ மறைக்க மறந்துட்டீங்க."

பாய் ஹெல்மெட்டைக் கழற்றினார். வெண்தாடி வியர்வையில் நனைந்திருந்தது. வினோத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வித்யாதான் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டாள்.

"பேத்திக்கும்மா. பொறந்து நாலு நாள் ஆவுது. எம்பொண்ணு ராவெல்லாம் தூங்காம கையவெச்சுக்கினு ஒக்காந்துகினுகீறா." அவர் டேப்பைச் சுருட்டினார். "நீங்க எடுத்துக்கோங்க. நான்தான் உங்கள இங்க அனுப்புனேன். சும்மா, ஒருதபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வித்யா புருஷனைப் பார்த்தாள். இன்னொன்று வரவழைக்க எத்தனை நாளாகும் என்று சிவராமனைக் கேட்டாள். ஒரு வாரம் என்றார் அவர். தனக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று சொல்லி, தொட்டிலின் விளிம்பிலிருந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள். பேரரசுகளை விட்டுக்கொடுத்த மன்னர்களைப் பற்றிக் கல்வெட்டுகள் உண்டு. வித்யாவுக்கு இல்லை, ஆகவே இங்கே எழுதிவைக்கிறோம்.

ஆனால் வெற்றிக்குத் திறை செலுத்தவேண்டுமல்லவா? சிவராமன் தன் போனை எடுத்தார்.

"ஒரே ஒரு போட்டோ பாய். ஸ்டேட்டஸ்ல போட்டுக்கறேன்."

பாய் கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி தலைக்கு உயர்த்தினார். "ஹெல்மெட்டோட எடுத்துக்கோ" என்றார்.

"அது எப்படி. மூஞ்சி தெரியணுமே."

தொட்டிலுக்கு ஒருபுறம் சிவராமன், மறுபுறம் ஷஃபியுல்லா. பதினோரு ஆண்டுப் பகை ஒரு நொடி அசையாமல் நின்று படமானது. குட்டி யானை புறப்படுவதற்கு முன்பே அது வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. வேலப்பன்சாவடித் திருப்பத்தில் பாயின் போன் நாற்பத்திரண்டு முறை அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. பெல்ட்டை இறுக்க இரண்டு ஆள் வேண்டும் என்று சொல்லிச் சிவராமனும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டதால், பாய் ஜன்னலையும் அவர் முன்கண்ணாடியையும் பார்த்தபடி வந்தார்கள். தங்கவேல் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தான்.

இருவரும் மாடியேறினார்கள். இருவரும் குனிந்தார்கள். ஒருவர் கட்டிலைத் தூக்க மற்றவர் பட்டையை அடியில் விட்டு வாங்க, மரச்சாமான் வணிகத்தில் ஐம்பதாண்டு கூட்டு அனுபவம் மூச்சிரைக்க, வியர்வை சொட்ட, தொட்டில் கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. அலீனா அளந்தாள். உலுக்கினாள். மெத்தையை அமுக்கினாள். உள்ளே ஜஹானாரா ஆசையாகப் போட்டிருந்த சின்னத் தலையணையையும் பொம்மையையும் எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி ஒருமுறை அளந்தாள். அந்த அறையில் அந்நேரம் விசிறிகூட மெதுவாகச் சுற்றியது.

"இது சரியா இருக்கு அத்தா" என்றாள்.

அவள் குழந்தையை மல்லாக்கக் கிடத்தினாள். அது ஒருமுறை கையை விரித்தது. மூடியது. தூங்கிவிட்டது. அலீனாவும் அதற்குப் பக்கத்தில், பெரிய கட்டிலில், ஒரு கையை நீட்டி அதன் வயிற்றின்மேல் வைத்தபடி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கண்ணை மூடி உடனே உறங்கிப்போனாள். அப்போது, மூன்று போர்களில் தோற்று நான்காவதில் வென்ற தோள்களோடும், சங்கமே பார்த்துச் சிரித்த முகத்தோடும், பகைவன் ஒருபுறமும் மருமகன் ஒருபுறமும் சூழ, அயனம்பாக்கத்து ஏரிக்காற்று ஜன்னல்வழி வந்து வெண்தாடியை அசைக்க, கடலைக் கடந்தவன்போலும் கோட்டையைக் கொண்டவன்போலும் தன் குலக்கொழுந்து காக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டு, இனி இவ்வுலகில் தான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்னும் பெருமிதத்தில் நெஞ்சு விம்மி, ஷஃபியுல்லா பாய் அந்தத் தொட்டிலின் தலைமாட்டில் அசையாமல் நின்றார்.

டயபர் தீர்ந்துவிட்டது என்று ஜஹானாரா அவரைக் கடைக்கு அனுப்பினார்.